ஃபெராரி 250 ஜிடிஓ-வை மாடலாகக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய பந்தயக் கார்களை மாடலாகக் கட்டுகிறவர்கள் கூடினால் எப்படியும் பேச்சு ஃபெராரி 250 ஜிடிஓ-வில் வந்து நிற்கும். இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வேறு அளவு என்று தனியாகச் சொல்லாத இடத்திலெல்லாம் 1/24, அதாவது நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு, என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கார் ஏன் இவ்வளவு அரிது?

1962 முதல் 1964 வரை 36 கார்கள்தான் செய்தார்கள். நான்கு லிட்டர் எஞ்சின் வைத்த மூன்று கார்களையும் கணக்கில் சேர்ப்பவர்கள் 39 என்பார்கள். கிரான் துரிஸ்மோ ஒமொலொகாட்டோ என்பதன் சுருக்கம்தான் ஜிடிஓ. ஜிடி பிரிவில் ஓட அங்கீகாரம் பெற்ற கார் என்று பொருள். அந்த அங்கீகாரத்துக்கு 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் இது புதுக் கார் அல்ல, ஏற்கெனவே உள்ள 250 ஜிடி-யின் மாற்று வடிவம்தான் என்று காட்டி ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டது. 1962, 63, 64 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஜிடி உற்பத்தியாளர் பட்டத்தையும் வென்றது.

இன்று இதன் விலை வேறு உலகம். 3413ஜிடி என்ற சேஸிஸ் (அடிச்சட்ட) எண் கொண்ட கார் 2018 ஆகஸ்டில், அமெரிக்காவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

எந்த ஜிடிஓ-வைச் செய்வது?

கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கும் முன், பெயின்ட் வாங்கும் முன், முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். ஜிடிஓ என்று பொதுவான ஒரு கார் கிடையாது. இருப்பவை 3705ஜிடி, 3505ஜிடி, 4293ஜிடி என்று தனித்தனி எண்ணும் தனித்தனி வரலாறும் உள்ள கார்கள்தான்.

காரணம் அவை பிறந்த விதம். 1961 கடைசியில் ஃபெராரியின் மூத்த பொறியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். இந்தக் காருக்கு வடிவம் கொடுத்துக்கொண்டிருந்த ஜோட்டோ பிட்சாரினியும் அவர்களில் ஒருவர். மீதி வேலை அப்போது 26 வயதான மௌரோ ஃபோர்கியேரியின் கைக்கு வந்தது. உடலைச் செய்தது மொதேனாவில் இருந்த செர்ஜோ ஸ்காலியெத்தியின் பட்டறை. அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வளைவு எடுத்த பட்டறை அது. அதனால் ஒரு காரின் மூக்கு இன்னொரு காரின் மூக்கு போல இருக்காது. ஒரே காரில் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூடக் கொஞ்சம் மாறும்.

ஆண்டு போகப்போக வடிவமும் மாறியது. முன்சக்கரத்துக்குப் பின்னால் சூடான காற்று வெளியேற வெட்டிய சாய்வான வாய்கள் ஆரம்பக் கார்களில் இரண்டு, பிறகு மூன்றாயின. பின்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் ஸ்பாய்லர் முதல் கார்களில் திருகி மாட்டிய தனித் தகடு. பின்னால் வந்தவற்றில் உடலோடு ஒன்றாகிவிட்டது. மூக்கின் மேல் ஆங்கில ‘D’ எழுத்துப் போல உள்ள மூன்று துளைகளுக்கும் கழற்றி மாட்டும் மூடிகள் உண்டு. ரேடியேட்டருக்குக் காற்று அதிகம் தேவைப்பட்டால் கழற்றுவார்கள், இல்லாவிட்டால் மூடி வைப்பார்கள். ஆக, ஒரே காரில் ஒரு பந்தயத்தில் திறந்திருந்த துளை அடுத்த பந்தயத்தில் மூடியிருக்கலாம். 1964-இல் வந்த உடலோ முற்றிலும் வேறு வடிவம்.

எனவே ஒரு சேஸிஸ் எண், ஒரு பந்தயம், முடிந்தால் ஒரு நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிரான்சில் நடந்த 1962 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஷான் கிஷேயும் பியேர் நோப்லேயும் ஓட்டி மொத்தத்தில் இரண்டாவதாக வந்த 3705ஜிடி ஒரு நல்ல தேர்வு. அடுத்த ஆண்டு அதே லெ மானில் இரண்டாமிடம் பிடித்த பெல்ஜிய அணியின் மஞ்சள் நிற 4293ஜிடி இன்னொன்று. என் மனதுக்கு மிகவும் பிடித்தது யுடிடி-லேஸ்டால் அணியின் வெளிர் பச்சை 3505ஜிடி. பிரிட்டிஷ் பந்தய வீரர் ஸ்டெர்லிங் மாஸுக்கென்று வந்த கார் அது. 1962 ஈஸ்டர் சமயத்தில் இங்கிலாந்தின் குட்வுட் பந்தயத் தளத்தில் வேறொரு காரில் நேர்ந்த விபத்து அவருடைய பந்தய வாழ்வையே முடித்துவிட்டது. அதே ஆண்டு குட்வுட்டில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தை இன்னஸ் அயர்லாந்து என்ற வீரர் இந்தக் காரில் வென்றார்.

இப்படி ஒன்றைக் குறித்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். எத்தனை வாய் வெட்டுவது, எந்தப் பக்கம் ஸ்டீயரிங், எங்கே எண் ஒட்டுவது எல்லாவற்றுக்கும் பதில் அந்த நாளின் படத்தில் இருக்கும்.

படங்களை எப்படித் தேடுவது? இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனவே?

ஆயிரக்கணக்கில் கிடப்பதுதான் சிக்கல். சேஸிஸ் எண்ணையும் பந்தயத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வெறுமனே ‘250 ஜிடிஓ’ என்று தேடினால் முதலில் வருவது இன்றைய கண்காட்சிப் படங்கள். அந்தக் கார்கள் அறுபது ஆண்டுகளில் மோதி, மூக்கு மாறி, நிறம் மாறி, மறுபடி பட்டறைக்குப் போய்ப் புதுப்பிக்கப்பட்டவை. சில கார்களுக்கு நடுவில் 1964 உடலே பொருத்தப்பட்டது. இன்று பளபளவென்று நிற்கும் காரை வைத்து 1962 ஜூன் மாதத்துக் காரைச் செய்ய முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. வேறு பழைய ஃபெராரிகளின் சேஸிஸ் மேல் ஜிடிஓ போன்ற உடலைக் கட்டிய நகல் கார்கள் நிறைய ஓடுகின்றன. படத்தின் கீழே ஜிடிஓ என்று எழுதியிருக்கும், கார் ஜிடிஓ-வாக இருக்காது. சேஸிஸ் எண் சொல்லாத படத்தை நம்ப வேண்டாம்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை ஒதுக்காதீர்கள். நிறத்துக்கு உதவாது, வடிவத்துக்கு அவைதான் சாட்சி. எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் ஏல நிறுவனங்கள் வெளியிடும் படங்களைப் பாருங்கள், அவ்வளவு நெருக்கமாக வேறு யாரும் எடுப்பதில்லை. படங்களை மூக்கு, பக்கம், பின்புறம், உள்ளே, எஞ்சின் என்று பிரித்து, வேலை செய்யும் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவில் கட்டலாம்? எந்த கிட் கிடைக்கிறது?

முதல் முறை என்றால் 1/24. முடிந்த கார் சுமார் 18 சென்டிமீட்டர் நீளம் வரும். கைக்கு அடக்கம், விவரத்துக்கும் இடம் உண்டு. 1/43-இல் பத்து சென்டிமீட்டர்தான் வரும், அதில் எஞ்சின் வேலைக்கு இடமில்லை. 1/12 பெரிய திட்டம். மாடல் ஃபேக்டரி ஹிரோ என்ற ஜப்பானிய நிறுவனம் அந்த அளவில் செய்யும் கிட்டில் உலோகப் பாகங்களே நூற்றுக்கணக்கில் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். வெள்ளை உலோகத்தை (மென்மையான வார்ப்பு உலோகத்தை) அரத்தால் சரிசெய்து பழகாதவர்கள் அதில் தொடங்க வேண்டாம்.

1/24-இல் ஃபுஜிமி ஒன்று வெளியிட்டது. குன்சே சாங்யோ உலோகப் பாகங்களும் சேர்ந்த ஒன்றைச் செய்தது. குன்சேயின் அச்சிலிருந்து வந்ததை இத்தாலேரி தன் பெட்டியில் விற்றது. எல்லாம் எப்போதும் கடையில் இருப்பதில்லை. பழைய கிட் வாங்கினால் டீக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் எண், சின்னப் படலம்) மஞ்சளாகியிருக்கும், டயர் இறுகியிருக்கும் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டின் அளவு சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தக் காரில் இது சுலபம். நிஜக் காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2400 மில்லிமீட்டர். 24-ஆல் வகுத்தால் சரியாக 100. உடலை சேஸிஸோடு டேப் போட்டு ஒட்டி, சக்கரங்களைச் செருகி, அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குக் கவலை வேண்டாம். அதற்கு மேல் போனால், சக்கரம் வளைவின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து அச்சை நகர்த்துங்கள். உடலை வெட்டி நீட்டும் வேலைக்குப் போகாதீர்கள்.

டயர் அகலத்தையும் பாருங்கள். பந்தயத்துக்கு மாட்டிய டன்லப் டயர் முன்னால் 6 அங்குலம், பின்னால் 7 அங்குலம். 1/24-இல் முறையே 6.4, 7.4 மில்லிமீட்டர். நான்கு டயரும் ஒரே அகலத்தில் இருந்தால் காரின் நிற்கும் தோரணையே மாறிவிடும். பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ தப்பு என்று படும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

கூர்மையான கத்தி, பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டும் தட்டையான கட்டர், நுனி மெல்லிய இடுக்கி, சிறு அரங்கள், 400 முதல் 2000 வரை தண்ணீர் உப்புத்தாள், கையால் சுழற்றும் சிறு துளைக்கருவியும் 0.3 முதல் 1 மில்லிமீட்டர் வரை பிட்களும், கோடு கீறும் ஊசி. பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் போல ஓடும் ஸ்டைரீன் பசை, உலோகத்துக்கு உடனே ஒட்டும் பசை, கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. இத்துடன் 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள ஏர்பிரஷும் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் கருவி) சிறு கம்ப்ரெசரும் வாங்க முடிந்தால் வாங்குங்கள். மற்ற எதையும் விட அதுதான் வேலையின் தரத்தை உயர்த்தும்.

பெயின்ட்டுக்கு முன்னால் உடலில் என்ன வேலை?

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் எல்லாப் பாகங்களையும் கழுவுங்கள், அச்சு எண்ணெய் போகட்டும். அப்புறம் உடலின் மேல் ஓடும் அச்சுக் கோட்டைத் தேடி, உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். இந்தக் காரின் முன் மட்கார்டு வளைவின் உச்சியில் அந்தக் கோடு ஓடினால் எல்லா வெளிச்சமும் அங்கேதான் விழும், விடாதீர்கள்.

அடுத்தது மெலிவாக்குவது. நிஜக் காரின் தகடு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். கிட்டின் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதாவது நிஜ அளவில் 24 மில்லிமீட்டர் தடிமன்! முழு உடலையும் மெலிவாக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும் உள்பக்கத்திலிருந்து அரத்தால் சாய்த்தால் போதும்: சக்கர வளைவு, மூக்குத் துளைகள், பக்கவாட்டு வாய்கள், ஸ்பாய்லரின் மேல் விளிம்பு. ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்த மாடலையும் செய்யாததையும் அருகருகே வைத்தால் ஒன்று தகடாகவும் மற்றது பொம்மையாகவும் தெரியும்.

கதவு, பானட் கோடுகளை பிரைமருக்கு (அடிப்பூச்சுக்கு) முன்பே கொஞ்சம் ஆழப்படுத்துங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் நிரப்பிவிடும். அகலப்படுத்தக் கூடாது. நிஜத்தில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தால் இங்கே 0.17 மில்லிமீட்டர்தான்.

பட்டி பார்க்கும்போது இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றாக வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். படத்தில் வலப்பக்க வளைவு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் உங்கள் மாடலிலும் தாழ்ந்திருக்கட்டும். சுத்தியலால் பிறந்த காரின் அடையாளம் அது.

ஃபெராரி சிவப்பு எது?

ஒரே சிவப்பு இல்லை. ஒரே காரின் இரண்டு வண்ணப் படங்களில் ஒன்று ஆரஞ்சு பக்கமும் மற்றது மெரூன் பக்கமும் சாயும். பழைய ஃபிலிமும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை அது. டாமியா நிறுவனத்தின் டிஎஸ்-8 இத்தாலியச் சிவப்பு ஸ்ப்ரே பலருக்கும் கைகொடுக்கும், எனக்கும் அது திருப்திதான். சிறிய மாடலில் எந்த நிறமும் நிஜத்தை விடக் கருமையாகத் தெரியும் என்பதால், இரண்டு சிவப்புக்கு நடுவில் தயங்கினால் வெளிறியதை எடுங்கள்.

அடியில் எந்த நிறம் என்பது மேலே தெரியும். சாம்பல் பிரைமர் மேல் சிவப்பு மந்தமாக வரும். இளஞ்சிவப்பு பிரைமர் மேல் மெல்லிய பூச்சாக நான்கைந்து அடித்தால் ஒளி ஏறும். பூச்சின் மொத்தத் தடிமன் 0.1 மில்லிமீட்டர் ஆனாலே நிஜ அளவில் 2.4 மில்லிமீட்டர் பெயின்ட் பூசியது போலாகிவிடும், அதனால் ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாகவே இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலர் இந்தக் காரை முகம் பார்க்கும் கண்ணாடி அளவுக்குப் பாலிஷ் போடுகிறார்கள். அது கண்காட்சிக் காரின் பளபளப்பு. 1962-இல் அடுத்த வாரப் பந்தயத்துக்கு அவசரமாக பெயின்ட் அடித்து லாரியில் ஏற்றிய காருக்கு அந்தப் பளபளப்பு பொருந்தாது. மிதமான மினுமினுப்போடு நிறுத்துங்கள்.

முதல் முறை கட்டுகிறவர்களுக்கு என் யோசனை: சிவப்பை விட்டுவிட்டு வெளிர் பச்சைக்கோ மஞ்சளுக்கோ போங்கள். சிவப்புக்கு மேலே ஒட்டும் வெள்ளை வட்டத்தில் நிறம் ஊறி அது இளஞ்சிவப்பாகும் தொல்லை அவற்றில் இல்லை.

சென்னை போன்ற ஊரில் பெயின்ட் அடித்தால் பால் மாதிரி வெளுத்துப்போகிறதே?

லாக்கர் வகைப் பெயின்ட் காயும்போது அதிலுள்ள தின்னர் (கரைப்பான்) வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் பெயின்ட் மேல் படிந்துவிடும். அதுதான் அந்த வெளுப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி வராந்தாவில் அடித்தால் இது நடந்தே தீரும்.

சின்ன ஈரமானி ஒன்று வாங்கி வைத்து, 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் பளபளப்புப் பூச்சு அடிக்காதீர்கள். மழை விட்ட வெயில் நாளின் பிற்பகல் நல்ல நேரம். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் கலந்த தின்னரைப் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? பயப்பட வேண்டாம். வறண்ட நாளில் அதே தின்னரை மட்டும் மிக மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.

ஸ்ப்ரே கேன் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முடியவில்லை. என்ன செய்வது?

அழுத்தத்தில் அடைத்த, தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் அனுப்ப மறுப்பார்கள். உள்ளூர் ஹாபி கடைகளில் அவ்வப்போது கிடைக்கும். இல்லாவிட்டால் வாகன பெயின்ட் கடையில் நிறம் காட்டினால் கலந்து கொடுப்பார்கள்; நூறு மில்லி போதும். ஆனால் அந்த பெயின்ட்டில் கலக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் வெறும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கீழே பிரைமர் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பூச்சு புகை போல வறண்டு விழ வேண்டும். முதலில் ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள்.

அதே கடையில் ஹார்டனர் (இறுக்கும் திரவம்) கலந்து அடிக்கும் 2கே கிளியர் என்ற நிறமற்ற மேற்பூச்சும் கொடுப்பார்கள். வீட்டில் அதை வேண்டாம் என்றே சொல்வேன். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுத்து நிரந்தர ஆஸ்துமாவில் கொண்டுவிடக்கூடியது. துணி மாஸ்க் அதைத் தடுக்காது. இந்தக் காருக்குச் சாதாரண லாக்கர் கிளியரே போதும். அதற்கும் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி மாஸ்க்கும், வெளியே காற்றைத் தள்ளும் மின்விசிறியும் அவசியம். வீட்டில் குழந்தை இருந்தால் அடிக்கும் இடத்தை மொட்டை மாடிக்கு மாற்றுங்கள்.

கம்பிச் சக்கரம்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. எப்படிச் செய்வது?

பயப்பட வேண்டாம், ஆனால் நேரம் ஒதுக்குங்கள். இந்த மாடலை முதலில் பார்க்கிறவர் கண் போவது சக்கரத்துக்குத்தான்.

நிஜக் காரில் இருப்பவை போரானி நிறுவனத்தின் 15 அங்குலச் சக்கரங்கள்: பாலிஷ் செய்த அலுமினிய ரிம், நடுவில் சுத்தியால் தட்டிக் கழற்றும் காது வைத்த ஒற்றை நட். 1/24-இல் ரிம் விட்டம் 15.9 மில்லிமீட்டர். ஒரு கம்பி சுமார் 4 மில்லிமீட்டர் என்றால் இங்கே 0.17. பிளாஸ்டிக்கில் அவ்வளவு மெல்லியதாக வார்க்க முடியாது என்பதால் கிட்டில் வரும் கம்பிகள் மூன்று மடங்கு தடித்திருக்கும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. கிட் சக்கரத்தையே வைத்து, கம்பிகளுக்கு நடுவே கறுப்பு வாஷ் (மிகவும் நீர்த்த பெயின்ட்) விட்டு, மேலே உலர் தூரிகையால் வெள்ளி தொட்டெடுப்பது முதல் வழி. தூரத்தில் நின்று பார்க்க நன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, ஃபோட்டோ எட்ச் செய்த, அதாவது ரசாயனத்தால் அரித்து வெட்டிய, மெல்லிய உலோகத் தகடுகள். வட்டமான தகட்டில் கம்பிகள் வெட்டியிருக்கும்; ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று அடுக்கு. ஒவ்வொன்றையும் ரப்பர் அட்டை மேல் வைத்து, உருண்டை முனையுள்ள கம்பியால் நடுவில் அழுத்திக் குழிவாக்க வேண்டும். ஒரு அடுக்கு வெளியே குவிந்தும் அடுத்தது உள்ளே குவிந்தும் இருக்கும்படி அடுக்கினால் கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போவது தெரியும். குழிவு எல்லாவற்றிலும் ஒரே ஆழமாக இருக்க, கீழே ஒரு வாஷரை வைத்து அழுத்துங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வழியைத்தான்.

மூன்றாவது, கையால் கோப்பது. லேத்தில் கடைந்த அலுமினிய ரிம், நடு ஹப், இரண்டையும் சரியான உயரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு சட்டம். ரிம்மிலும் ஹப்பிலும் 0.2 மில்லிமீட்டர் துளைகள் போட்டு, மெல்லிய எஃகுக் கம்பியையோ மீன்பிடி நைலான் இழையையோ ஒவ்வொன்றாக இழுத்துப் பசை வைக்க வேண்டும். எதிரெதிர் துளைகளாக மாறி மாறிக் கோர்த்தால்தான் ஹப் நடுவில் நிற்கும். ஒரு பக்கமாகவே வரிசையாகப் போனால் ஹப் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நைலான் என்றால் கோர்த்த பின் வெள்ளி பெயின்ட் அடிக்கலாம். இப்படிச் செய்த சக்கரத்தைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்க்கும்போது, உள்ளே பிரேக் டிஸ்க் தெரிந்தும் மறைந்தும் வரும். அந்த ஒரு பார்வைக்காகவே சிலர் வாரக்கணக்கில் உட்கார்ந்து கோர்க்கிறார்கள், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

எந்த வழியானாலும் டயரின் நடுவில் உள்ள அச்சுக் கோட்டைத் தேய்த்து எடுத்து, தரையில் படும் இடத்தைக் கொஞ்சம் மந்தமாக்குங்கள்.

எஞ்சினில் எவ்வளவு விவரம் சேர்க்கலாம்?

பானட்டைத் திறந்து காட்டப் போகிறீர்கள் என்றால் தாராளமாக. இது 2953 சிசி, வி வடிவில் 12 சிலிண்டர், சுமார் 300 குதிரைத்திறன். கார்புரேட்டர் ஆறு, எல்லாம் வெபர் 38 டிசிஎன். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், ஆகப் பன்னிரண்டு காற்றுக் குழல்கள் இரண்டு வரிசையாக நிற்கும். எஞ்சினின் மேல் மூடிகளான கேம் கவர்களுக்குச் சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சு. மேட் கறுப்பில் கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்து, வறண்ட ஸ்பாஞ்சால் ஒற்றினால் அந்தச் சொரசொரப்பு வரும்.

காற்றுக் குழல்களைத்தான் முதலில் மாற்றுங்கள். அலுமினியத்தில் கடைந்து விற்கிறார்கள். இல்லாவிட்டால் மெல்லிய அலுமினியக் குழாயை வெட்டி, வாயைக் கூம்பான கம்பியால் விரித்துக்கொள்ளலாம். அடுத்து ஸ்பார்க் பிளக் ஒயர்: இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் ஆறு. 0.3 மில்லிமீட்டர் கறுப்பு ஒயர் சரியாக இருக்கும். தடித்த ஒயர் போட்டால் எஞ்சினே பழுதாகிவிட்டது போல ஒரு தோற்றம் வரும். எண்ணெய்க் குழாய், த்ராட்டில் தண்டு எல்லாம் படத்தில் தெரிந்தால் மட்டும் போடுங்கள். ஊகத்தில் சேர்த்த குழாய், இல்லாத குழாயை விட மோசம்.

உள்ளே?

வெறுமையாக விடுங்கள். இது பந்தயக் கார். தரையில் கம்பளம் இல்லை, சட்டத்தின் குழாய்கள் வெளியே தெரியும், ஓட்டுநருக்கு நேரே எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் பெரிய டேக்கோமீட்டர் இருக்கும், ஸ்பீடோமீட்டரே கிடையாது. பல கார்களில் இருக்கைக்கு நீலத் துணி. தோல் போலப் பளபளக்கும் பெயின்ட் அடித்தால் கெட்டது. நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து முழு மேட்டாக அடியுங்கள். கியர் கம்பி வெளியே தெரியும் உலோகத் தடத்தில் நகரும். கிட்டில் அது வெறும் கோடாக இருந்தால் மெல்லிய தகட்டில் வெட்டிச் செய்யுங்கள். ஸ்டீயரிங் மர வளையம், மூன்று உலோகக் கரம். சில கார்கள் வலப்பக்க ஸ்டீயரிங், மறந்துவிடாதீர்கள்.

கண்ணாடி ஒட்டும்போது பனி படிகிறதே?

உடனே ஒட்டும் பசையின் ஆவிதான் அது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டும்.

எண்களும் வட்டங்களும்?

வெள்ளை வட்டத்தை டீக்கலாக ஒட்டாமல், மாஸ்க் வெட்டி முதலில் வெள்ளையாக அடித்து, அதை மறைத்துவிட்டு மேலே உடலின் நிறத்தை அடிப்பது என் வழக்கம். சிவப்பு ஊறும் சிக்கல் அதில் வராது. எண்ணை மட்டும் டீக்கலாக ஒட்டினால் போதும். வளைவில் சுருங்கினால் டீக்கல் மென்மையாக்கும் திரவத்தைத் தொட்டு வைத்து, கை படாமல் விட்டுவிடுங்கள். காயும்போது தானாக இழுத்துப் படியும். மஞ்சளாகிப்போன பழைய டீக்கலை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் சில நாள் வெயில் படும்படி ஒட்டி வைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

லெ மான் கார் என்றால் இரவில் எண்ணைக் காட்டும் சிறு விளக்கு வட்டத்துக்கு அருகில் இருக்கும், படத்தில் தேடிப் பாருங்கள்.

அழுக்குப் பூசலாமா?

நீங்கள் எடுத்துக்கொண்டது பந்தயம் தொடங்கும் முன்னான காரா, முடிந்த பின்னான காரா என்று முதலில் தீர்மானியுங்கள். தொடக்கம் என்றால் சுத்தமான கார், டயரில் மட்டும் கொஞ்சம் தூசி. முடிவு என்றால் 24 மணி நேரம் ஓடிய கார்: மூக்கிலும் விளக்கு மூடியிலும் பூச்சிகள் அடித்த புள்ளிகள், சக்கரத்துக்குப் பின்னால் வாரி அடித்த கறுப்பு, பின்னால் இரண்டிரண்டாக நிற்கும் நான்கு புகைக்குழாய்களுக்கு மேலே கரி. அழுக்குக்கு ஒரு திசை உண்டு: எல்லாம் முன்னிருந்து பின்னுக்கு ஓட வேண்டும். பொதுவாகத் தூவிவிட்டால் பழைய இரும்புக் கடையில் கிடந்த கார் போலாகிவிடும்.

3டி பிரின்டிங் உதவுமா?

சின்னப் பாகங்களுக்கு மிகவும் உதவும். ரெசின் பிரின்டர் வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காது வைத்த நட் எல்லாம் கூர்மையாக எடுத்துக் கொடுக்கிறார்கள். முழு உடலை பிரின்ட் செய்தால் அடுக்குக் கோடுகளைத் தேய்த்து முடிப்பதற்குள் வளைவுகள் கரைந்துபோகும். உடலுக்கு கிட், உள்ளுறுப்புகளுக்கு பிரின்ட் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு காலம் ஆகும்? விலைக்கு வாங்குவதே மேல் அல்லவா?

வாரக் கடைசிகளில் மட்டும் உட்கார்ந்தால் சில மாதங்கள். கம்பியைக் கையால் கோர்த்தால் இன்னும் கூடும்.

விலைக்கு வாங்குவதில் தவறே இல்லை. சிஎம்சி போன்ற நிறுவனங்கள் 1/18 அளவில் செய்யும் உலோக மாடல்கள் அருமையானவை, நல்ல ஆதாரமும்கூட. ஆனால் உங்களுக்குப் பிடித்த சேஸிஸ் எண்ணை, பிடித்த பந்தயத்தில், மூக்கு மூடி கழற்றிய நிலையில் யாரும் செய்து விற்கப் போவதில்லை. அப்படி ஒன்று வேண்டுமென்றால் நீங்கள்தான் உட்கார வேண்டும்.

முடித்த பிறகு எப்படிப் பாதுகாப்பது?

தூசி புகாத அக்ரிலிக் பெட்டி, நேர் வெயில் படாத அலமாரி. தூசியைத் துணியால் துடைக்காமல் மென்மையான ஒப்பனைத் தூரிகையால் தட்டிவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து டயரில் இருக்கிறது. கிட்டில் வரும் மெத்தென்ற வினைல் டயரை இளக்கமாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீன் ரிம்மைக் கரைக்கும். சில ஆண்டுகளில் சக்கரம் டயரோடு ஒட்டிக் குழைந்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். உலோக ரிம் என்றால் பிரச்சினை இல்லை. பிளாஸ்டிக் ரிம் என்றால் டயர் உட்காரும் இடத்தைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாள் ஒட்டிய பிறகே டயரை மாட்டுங்கள். பெட்டியின் அடித்தட்டும் ஸ்டைரீனாக இருந்தால் டயருக்குக் கீழே ஒரு துண்டு கண்ணாடியோ உலோகத் தகடோ வையுங்கள்.